புகாட்டி வேய்ரான் பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: சார், இந்தக் கார் யாருடைய யோசனை?

அப்போதைய ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஃபெர்டினாண்ட் பீயெக்கின் பிடிவாதம்தான் வேய்ரான். 1998-ல் அவர் தலைமையில் புகாட்டி என்ற பழைய கார் நிறுவனத்தின் பெயரை ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. 1,000 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும், மணிக்கு 400 கி.மீ. தாண்ட வேண்டும், அதே காரில் மாலையில் ஓபராவுக்கும் சொகுசாகப் போக வேண்டும் என்றார். கடைசி நிபந்தனைதான் பொறியாளர்களைப் பாடாய்ப் படுத்தியது. பந்தயக் கார் என்றால் ஏசி, மெத்தை எல்லாம் கழற்றி எடையைக் குறைக்கலாம். இதில் அது நடக்காது. கடைசியில் எடை 1,888 கிலோ!

கேள்வி: அண்ணா, 16 சிலிண்டர், 4 டர்போ இருந்தால் போதாதா? ஏன் இத்தனை வருஷம் ஆச்சு?

சக்தியைக் கொண்டுவருவது ஒரு வேலை, சூட்டை வெளியேற்றுவது இன்னொரு வேலை. சக்கரத்துக்கு 1,001 குதிரைத்திறன் போனால், அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பமாகவே போய்விடும். அதனால்தான் 10 ரேடியேட்டர்கள். காற்று உள்ளே போகவும் வேண்டும், காரைத் தூக்கிவிடவும் கூடாது. 2003-ல் கலிபோர்னியாவின் லகுனா செகா தடத்தில், கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிக் காட்டியபோது கார் சுழன்றுவிட்டது. அதே ஆண்டு புகாட்டியின் தலைமையும் மாறியது. அப்புறம் நிறைய வேலைகளைத் திரும்பப் பார்த்தார்கள்.

கேள்வி: 400-ஐ எப்போது தொட்டது?

2005 ஏப்ரலில், ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில்: 408.47 கி.மீ. அங்கே நேர்ச்சாலை மட்டும் கிட்டத்தட்ட 9 கி.மீ. நீளம்.

கேள்வி: ஆக்சிலேட்டரை மிதித்தால் போதுமா, தனியாக ஏதாவது செய்யணுமா?

மிதித்தால் மட்டும் போதாது. ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கம், தரையோரமாக ஒரு சாவித் துளை இருக்கும். காரை நிறுத்திவிட்டு இரண்டாவது சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். கார் தாழ்ந்து தரையோடு ஒட்டும், பின்இறக்கை பதுங்கும். பிரேக்கை மிதித்தால் இந்த நிலை ரத்தாகிவிடும். எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்த விஷயம் இந்தச் சாவிதான். உயிர் சம்பந்தப்பட்ட வேகத்தை யோசித்துத்தான் தொட வேண்டும் என்று காரே கேட்டுக்கொள்கிறது.

கேள்வி: 2010-ல் வேய்ரானின் வேகமான வடிவமான சூப்பர் ஸ்போர்ட் 431 போனது. வெறும் 23 கி.மீ. கூடுதல், இதில் என்ன பெரிசு?

ரொம்பப் பெரிசு. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். வேகம் கூடியது சுமார் 5.5 சதவீதம்தான், அதற்கு 1,001-ஐ 1,200 குதிரைத்திறன் ஆக்க வேண்டியிருந்தது, அதாவது சுமார் 20 சதவீதம். விற்பனைக்கு வந்த கார்களை டயர் பாதுகாப்புக்காக 415-ல் கட்டுப்படுத்தினார்கள். சாதனைக்கு ஓடிய காரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை; இதை வைத்து 2013-ல் கின்னஸ் அமைப்பு 431 என்ற சாதனையை நிறுத்திவைத்து, பிறகு திரும்பக் கொடுத்தது.

கேள்வி: வேய்ரானுக்கு அடுத்து வந்த புகாட்டி சிரோன் 490 போச்சே, அதுதானே சாதனை?

2019-ல் சோதனை ஓட்டுநர் ஆண்டி வாலஸ் ஓட்டியது 490.48 கி.மீ. பிரமிக்க வைக்கும் வேகம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே திசையில் மட்டும். போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் காற்றின் உதவி கழியும். சூப்பர் ஸ்போர்ட்டின் 431 அப்படி எடுத்தது, 2017-ல் அதை முந்திய ஸ்வீடன் கார் கோனிக்செக் அகெரா ஆர்எஸ்ஸின் 447-ம் அப்படித்தான். எனக்கு அந்த இரண்டும்தான் கணக்கு.