கல்லூரி மாற்றத்துக்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்

காசிமேட்டிலிருந்து ஒரு தாயும் மகனும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். மகன் கிர்கிஸ்தானில் மருத்துவம் படிக்கிறான். இரண்டு ஆண்டுகள் முடிந்தும் உடற்கூறியலில் தேறவில்லை. மற்ற பாடங்களில் தேர்ச்சிக் கோட்டைத் தொட்டுத் தாண்டியிருக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போக மறுக்கிறான். ஒன்பது லட்சம் கொடுத்தால் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரிக்கு மாற்றித் தருவதாக ஒரு முகவர் சொன்னாராம். பெரியப்பா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். பணத்துக்கு வழி, பழைய வண்ணாரப்பேட்டை வீட்டின் பத்திரம்.

அம்மா, அன்று நீங்கள் அழுததால் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் குறைந்தது 54 மாதப் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் ஒரே கல்லூரியில் முடித்திருக்க வேண்டும். நடுவில் வேறு நாட்டுக்கு மாறினால், பட்டம் கையில் இருந்தும் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாமல் போகும். உக்ரைன் போரின்போது 2022இல் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறக் காட்டிய சலுகை போருக்கானது, குறைந்த மதிப்பெண்ணுக்கானது அல்ல. பாதியில் வந்தவரை இந்தியக் கல்லூரியில் சேர்க்கவும் சட்டத்தில் இடமில்லை. உக்ரைன் மாணவர்களுக்கே அரசு நாடாளுமன்றத்தில் அப்படித்தான் பதில் சொன்னது. முகவர் இதையெல்லாம் உங்களிடம் சொல்லவில்லை. பழைய மதிப்பெண் பட்டியலைக் காட்டாமலே சேர்த்துவிடலாம் என்றும் சொன்னாராம். அதற்குப் பெயர் மோசடி. மாட்டிக்கொள்ளப் போவது அவரல்ல, உங்கள் பிள்ளை.

விதி இடம் கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லும் பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்த வேண்டுமா? "டாக்டர் வீடு" என்று தெருவில் சொல்வார்கள் என்பது பெரியப்பாவின் ஆசை. கடனைக் கட்டப்போவது நீங்களும், விடியுமுன் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் உங்கள் கணவரும்.

மீண்டும் நீட் எழுதுவது, கலைக் கல்லூரியில் சேருவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள். அவற்றை விட்டுவிடுகிறேன். அன்று உங்கள் மகன் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். பாட்டியை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறானே, அந்த இயந்திரத்தைப் பற்றி. எந்த ஒலி எழுந்தால் குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது, எது காற்றுக்குமிழிக்கான எச்சரிக்கை என்று எனக்கே விளக்கினான். அப்பாவின் படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டி வளர்ந்த கை அது.

பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் துணை மருத்துவப் படிப்புகளில் ஒன்று. அரசுக் கல்லூரி இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப் பட்டியல் வெளியிட்டுக் கலந்தாய்வு நடத்தி வந்திருக்கிறது. கிர்கிஸ்தான் மதிப்பெண் அங்கே கணக்கில் வராது. இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள்.

வேலை எப்படிப்பட்டது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போடுவதற்கென்றே கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே வெளியே வரும் இரத்தம், முடியைப் போல மெல்லிய ஆயிரக்கணக்கான குழல்களுக்குள் ஓடிச் சுத்தமாகி மற்றொன்றின் வழியே உடம்புக்குத் திரும்புகிறது. நான்கு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த நீர் செலவாகும். குடிநீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமின் அந்த நீரில் மிஞ்சியிருந்தால் இரத்த அணுக்களே சிதைந்துவிடும். எவ்வளவு நீரை உடம்பிலிருந்து இறக்குவது என்று எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். கூடுதலாக இறக்கினால் இரத்த அழுத்தம் விழும், கால் இழுத்துப் பிடிக்கும். இயந்திரமும் தெரிய வேண்டும், முகத்தைப் பார்த்தே நோயாளி சோர்வதும் தெரிய வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, இரவு முறை வேலையும் உண்டு. இதை மறைக்க மாட்டேன். ஆனால் சிறுநீரக நோயாளிகள் பெருகிவரும் ஊரில் இந்தக் கைக்கு வேலை இல்லாமல் போகாது.

நம் பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் கல்லூரியும் இருக்கிறது, துணை மருத்துவப் படிப்புகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். இதற்காகவா பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பினோம் என்று பெரியப்பா கேட்பார். கேட்கட்டும்.

அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். பிளஸ் டூ அசல் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா, முகவரிடம் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அவரிடம் இருந்தால், முடிவைச் சொல்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பாட்டியின் அடுத்த டயாலிசிஸுக்கு நீங்களும் கூடப் போங்கள். அங்கே வேலை செய்யும் டெக்னீஷியன் தம்பியிடம் உங்கள் மகனைப் பேசவிட்டு, நீங்கள் பக்கத்தில் பேசாமல் நின்று கேளுங்கள். அதன் பிறகு பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.