குறைமாதக் குழந்தையின் கண்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் குறைமாதக் குழந்தைகள் வார்டில் 26 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். கண் டாக்டர் வரும் நாட்களில் குழந்தையைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் என் வேலை. குறைமாதக் கண்ணைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு, பெயர்களை விட்டுவிட்டு, பதில் எழுதுகிறேன்.

செட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா: அக்கா, என் பையன் 29 வாரத்தில் பிறந்தான், 1,150 கிராம். இப்போது மூன்று வாரம் ஆகிறது. கண்ணை நன்றாகத் திறந்து பார்க்கிறான். ஆனாலும் கண் டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எதற்கு?

வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும், தங்கச்சி. சிவக்காது, பீளை தள்ளாது, நீர் வடியாது. டாக்டர் தேடுவது ஆர்.ஓ.பி. என்ற குறைமாத விழித்திரை நோயை. இந்த நோயில் என்னைப் பயமுறுத்துவதே அதுதான்.

விஷயம் கண்ணின் பின்சுவரில், விழித்திரையில் நடக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கருவின் 16ஆவது வாரம் வாக்கில் கண் நரம்பு நுழையும் இடத்திலிருந்து கிளம்பி, ஓரத்தை நோக்கி மெல்ல வளரும். மூக்குப் பக்கத்து ஓரத்தை 36 வாரம் வாக்கில் எட்டும். காதுப் பக்கம் தூரம் அதிகம், அங்கே போய்ச் சேர 40 வாரம் ஆகிவிடும். உங்கள் பையன் 29இலேயே வந்துவிட்டான், நாளங்கள் பாதி வழியில் இருக்கின்றன. வெளியே வந்ததும் அந்த வளர்ச்சி தடைப்படுகிறது. சில வாரம் கழித்து, ரத்தம் எட்டாத பகுதி பசியெடுத்து, 'எனக்கு ரத்தம் அனுப்பு' என்று வேதிப்பொருளைச் சுரக்கத் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாளங்கள் மறுபடி ஒழுங்காக வளர்ந்து ஓரத்தை எட்டிவிடும். சிலருக்கு மட்டும் அவை தறிகெட்டு, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லிக்குள் ஏறிவிடும். அப்படி ஏறியவை கசியும், தழும்பாகும். தழும்பு சுருங்கும்போது விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். இதுதான் ஆர்.ஓ.பி.

நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும், 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளையும் பார்க்க வேண்டும். பிறந்து 4 முதல் 6 வாரத்தில், அல்லது கரு வயதையும் சேர்த்து 31 முதல் 33 வாரம் ஆகும்போது, இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போது முதல் பரிசோதனை. உங்கள் பையனுக்கு அது அடுத்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள். ரோடு டு ஹெல்த் புத்தகத்தில், அதாவது பிள்ளையின் உடல்நலக் குறிப்பேட்டில், தேதி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் சிஸ்டரிடம் கேட்டு எழுத வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ஆஸ்பத்திரியில் நான் பார்த்த இரட்டைக் குழந்தைகளை இன்னும் மறக்கவில்லை. நல்ல எடை கூடி வீட்டுக்குப் போனார்கள். கண் பரிசோதனைத் தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், அது எங்கோ தொலைந்துபோனது. ஐந்து மாதம் கழித்து, "சின்னவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை" என்று அந்த அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணின் கருமணி நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது மிகவும் குறைவு. அந்த அம்மாவின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தத் தேதியைப் புத்தகத்தில் எழுதாதது எங்கள் தப்பு.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அப்பா: சிஸ்டர், ஆக்சிஜன் கொடுத்துத்தான் மகளின் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று என் அண்ணன் சொல்கிறார். மனைவி தூங்குவதே இல்லை. உண்மையா?

ஆக்சிஜனுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அண்ணன் சொல்வது போல அவ்வளவு எளிதில்லை. 1942இல் பாஸ்டனில் டாக்டர் டெரி இந்த நோயை முதலில் விவரித்தார். காரணம் அப்போது தெரியவில்லை. 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பல் என்ற குழந்தை மருத்துவர், ஆக்சிஜன் தாராளமாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் இது அதிகம் என்று காட்டினார். உடனே உலகம் முழுக்க ஆக்சிஜனைக் குறைத்தார்கள். பார்வை இழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் கூடிப்போனார்கள்.

அதனால் இப்போது நடுவில் நிற்கிறோம். குழந்தையின் காலில் சிவப்பாக ஒளிரும் பட்டை கட்டியிருக்கிறதே, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதன் திரையில் வரும் எண் 90க்கும் 95க்கும் இடையே இருக்க வேண்டும். ஆக்சிஜன் வாங்கும் குழந்தைக்கு எண் 99 என்று வந்தால் அது நல்ல மார்க் இல்லை, ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். இதை நீங்களே பார்த்து நர்ஸிடம் கேட்கலாம், யாரும் கோபிக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாமல் அறைக்காற்றில் மூச்சு விடும் குழந்தைக்கு 99 வந்தால் கவலை இல்லை.

எவ்வளவு முன்னால் பிறந்தது, எடை எவ்வளவு மெதுவாகக் கூடுகிறது, ரத்தத்தில் கிருமி ஏறியதா, இவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. உங்கள் மகள் உயிரோடு இருப்பதற்கே அந்த ஆக்சிஜன் வேண்டியிருந்தது. மனைவியிடம் இதை நிதானமாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

டொங்காட்டிலிருந்து ஒரு ஆயா: ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்பார்கள் எங்கள் காலத்தில். பேத்தி ஏழு மாதம். கண்ணில் தாய்ப்பால் விடலாமா? நீல விளக்கில் வேறு வைத்தார்களே, அது கண்ணைக் கெடுக்குமா?

எட்டு மாதத்துப் பிள்ளைதான் நன்றாகத் தேறும், ஆயா. ஒவ்வொரு வாரமும் கூடக் கூட நல்லதுதான். தாய்ப்பாலைக் கண்ணில் விட வேண்டாம், கிருமி சேரும். வாய் வழியாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளிடம் ஆர்.ஓ.பி. குறைவாகவே காணப்படுகிறது. நீல விளக்கு மஞ்சள் காமாலைக்கு. அப்போது கண்ணைக் கட்டித்தான் வைப்பார்கள், ஆர்.ஓ.பி. அதனால் வருவதில்லை. மையும் இப்போதைக்கு வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அம்மா: பரிசோதனையில் பிள்ளைக்கு வலிக்குமா? நான் பக்கத்தில் இருக்கலாமா?

வலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளைக்குப் பிடிக்காது. கண்ணின் கருமணி விரிய முதலில் சொட்டு மருந்து, சில நிமிடம் விட்டு மறுபடியும். முக்கால் மணி நேரம் காத்திருப்போம். அதற்குச் சற்று முன்பு பால் கொடுக்க மாட்டோம், வாந்தி எடுக்கும் என்பதால். பிறகு துணியில் கையோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி, நாக்கில் இரண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விடுவோம். இமையை விரித்துப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி. டாக்டர் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து எட்டிப் பார்ப்பார். ஓரத்தைப் பார்க்கக் கண்ணை லேசாக அழுத்துவார், அப்போதுதான் வீறிட்டு அழும். ஒரு கண்ணுக்கு ஓரிரு நிமிடம்தான். மூச்சும் இதயத் துடிப்பும் சற்று இறங்கலாம் என்பதால் நர்ஸ் கூடவே நிற்பார்.

பக்கத்தில் இருங்கள், தாராளமாக. முடிந்ததும் துணியைப் பிரித்து நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். என் கையில் அடங்காத அழுகை அம்மாவின் நெஞ்சில் அரை நிமிடத்தில் அடங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஐசிபிங்கோவிலிருந்து: 'இரண்டாம் நிலை, இரண்டாம் மண்டலம், பிளஸ் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்படணுமா?

மண்டலம் என்பது நாளங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பது. ஒன்று என்றால் நடுவிலேயே நிற்கின்றன, மூன்று என்றால் ஓரத்தை நெருங்கிவிட்டன. நிலை என்பது நோயின் அளவு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. நான்கிலும் ஐந்திலும் விழித்திரை பிரிந்திருக்கும். 'பிளஸ்' என்றால் நாளங்கள் புடைத்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, நோய் வேகமெடுக்கிறது. உங்களுடையது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் அடுத்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

லெனேசியாவிலிருந்து ஒரு அம்மா: நாளைக்கே லேசர் என்கிறார்கள். ஊசியும் உண்டாம். ஒரு வாரம் யோசிக்கலாமா?

வேண்டாம் அம்மா. சிகிச்சை தேவை என்று முடிவானபின் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். லேசர் கண்ணின் நடுப்பகுதியைத் தொடாது. ரத்தம் எட்டாமல் கத்திக்கொண்டிருக்கும் ஓரப் பகுதியைச் சுட்டு அதன் கத்தலை நிறுத்தும். ஓரப்பார்வை கொஞ்சம் குறையலாம், பின்னால் கிட்டப்பார்வை வரலாம். கண்ணுக்குள் போடும் ஊசி, 'ரத்தம் அனுப்பு' என்று கேட்கும் அந்த வேதிப்பொருளையே கட்டிப்போடும். முதல் மண்டலத்து நோய்க்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மாதங்கள் கழித்தும் நோய் திரும்பக்கூடும், அதனால் பரிசோதனைக்கு நெடுநாள் அலைய வேண்டியிருக்கும். எது என்பதை டாக்டர் சொல்லட்டும். "ஊசி போட்டால் எத்தனை மாதம் வர வேண்டும்?" என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

மீண்டும் செட்ஸ்வொர்த், ஒரு அத்தை: மதுரையில் தம்பி பிள்ளை 33 வாரம், 1,800 கிராம். அங்கே கண் பார்த்தார்கள். இங்கே அதே எடைப் பிள்ளைக்குப் பார்க்கவில்லையே?

இந்தியாவில் 34 வாரம், 2,000 கிராம் என்று கோட்டை மேலே போட்டிருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருகிறது. இங்கேயும் 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்ட குழந்தை ரொம்ப நோய்ப்பட்டிருந்தால் பார்க்க வேண்டும். நெடுநாள் ஆக்சிஜனில் இருந்த பிள்ளை என்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

டர்பனிலிருந்து ஒரு தம்பி: நான் 27 வாரத்தில் பிறந்து லேசர் செய்துகொண்டவன். வயது 24. கண்ணாடி போடுகிறேன், வேறு தொல்லை இல்லை. இன்னும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும், தம்பி. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, ஆர்.ஓ.பி. வராமல் போயிருந்தாலும்கூட, கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பிப்போவது எல்லாம் மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் போகும் முன்பே பார்க்கச் சொல்கிறோம். உங்களைப் போல நோய் வந்து ஆறியவர்களுக்கு விழித்திரை பிற்காலத்திலும் பிரியலாம். வருடம் ஒருமுறை சொட்டு மருந்து போட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடிக் கடைச் சோதனை போதாது. மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், குறைமாதத்தில் பிறந்தவன், லேசர் செய்த கண் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.