சம்பள நாள் ராத்திரி

தம்பி, அடுத்த மாசம் தேவகோட்டையிலேருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வர்றேன், வழிப்பறி ஜாஸ்தின்னு வீட்டுல பயப்படுறாங்க, எந்த ஏரியாவுல தங்கலாம்னு கேட்டிருந்தீங்க. நான் காரைக்குடிக்காரன், இங்க வந்து 19 வருஷம் ஆச்சு. ஏரியா பத்திக் கடைசியில சொல்றேன்.

வந்த புதுசுல ஒரு சம்பள நாள். கூட்டாளிகளோட குடிச்சுட்டு, ராத்திரி ஒரு மணிக்கு ஏடிஎம்ல பணம் எடுத்துட்டு, போனைப் பார்த்துக்கிட்டே ரோட்டோரமா தனியா நடந்தேன். பின்னாலேருந்து மோட்டார் சைக்கிள்ல வந்தவங்க தோள்பையைப் பிடுங்கினாங்க. அதோட விட்டிருக்கலாம். ஆத்திரத்துல ஓடிப்போய்ப் பின்னால உட்கார்ந்திருந்தவன் சட்டையைப் பிடிச்சேன். தார் ரோட்டுல தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. பையில இருந்தது 600 ரிங்கிட். முட்டிக்கு வைத்தியம் பார்த்தது அதுபோல மூணு மடங்கு. மழை நாள்ல இன்னும் வலிக்குது.

பிடுங்கினவன்தான் குற்றவாளி, அதுல ரெண்டு பேச்சில்லை. ஆனா கோஹன், ஃபெல்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1979-லேயே சொன்னதைப் பின்னாடி படிச்சப்ப சுருக்குன்னுச்சு. செய்யத் துணிஞ்சவன், கைக்குத் தோதா ஒரு ஆள், தடுக்க யாருமில்லாத நேரம், மூணும் ஒரே இடத்துல கூடினாத்தான் குற்றம் நடக்குமாம். குடியும் அவசரமும் கோபமும் நம்மளை அந்த இடத்துக்கு அடிக்கடி கூட்டிட்டுப் போகுது. 2014-ல பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்ததுல, மனசை அடக்க முடியாதவங்க குற்றத்துக்குப் பலியாகுறது கொஞ்சம் கூடுதல்னு வந்துச்சு. ஆன்லைன் மோசடி மாதிரி ஆள் நேர்ல வராத குற்றங்கள்ல அந்தத் தொடர்பு இன்னும் பலமா இருந்துச்சு.

எங்க ஐயா இதே கோலாலம்பூர்ல, லெபோ அம்பாங் தெருவுல, கிட்டங்கின்னு சொல்ற செட்டியார் வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடிப் பையனா இருந்தவங்க. ராத்திரி கணக்கை முடிச்சதும் அவங்கவங்க கணக்குப் பெட்டிக்குப் பக்கத்துலயே பாய் விரிச்சுப் படுப்பாங்களாம். வெளிய போகணும்னா மேலாள்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். சின்ன வயசுல அதைக் கேட்டப்ப ஜெயில் மாதிரி தோணுச்சு. இப்ப நினைச்சா, யாராவது ஒருத்தர் நம்மளைத் தேடுற மாதிரி வாழ்ந்திருக்காங்க.

அதனால பணத்தைப் பகல்ல எடுங்க. வண்டிகள் எதிர்ல வர்ற பக்கமா நடங்க, பை கடைப்பக்கம் இருக்கட்டும். பிடுங்கினா விட்டுடுங்க, துரத்தாதீங்க. போன்ல போலீஸ்னு மிரட்டினாலும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்னு ஆசை காட்டினாலும், பத்து நிமிஷம் போனைக் கீழ வச்சுட்டு அறையில இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. இதுல ஏமாறுறது படிச்ச பிள்ளைங்களும்தான், தம்பி. பணம் போயிட்டா வெட்கப்பட்டு மறைக்காம உடனே மோசடிப் புகாருக்குன்னு இங்க இருக்கற 997-க்குக் கூப்பிடுங்க. நேரம் கடந்தா பணம் கை மாறிக்கிட்டே போகும்.

ஏரியாவுக்கு வர்றேன். ரயில் ஸ்டேஷன்லேருந்து வெளிச்சமான ரோடு, கூட ரெண்டு மூணு பேர் இருக்கற வீடு, இது ரெண்டும் அமைஞ்சா எங்கேயும் எடுங்க. வாடகை குறையுதுன்னு மட்டும் தனி அறை வேண்டாம்.