வாசகர் கேள்வி பதில்: எந்த ஜான் சல்லிவன்?

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஜான் சல்லிவன், 1850களில் அயர்லாந்தின் கார்க் கவுன்டியிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பலேறியவர். அவ்வளவுதான் தெரியும். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, தேடும் பொருள்தான் இல்லை. 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கெடுப்புத் தாள்கள் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தபோது சில துண்டு துணுக்குகள் தவிர எல்லாம் சாம்பலாகிவிட்டன. சரி, அதற்குப் பிந்தையவை? 1861, 1871 தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டது, 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. எல்லோரும் தீயைத்தான் திட்டுவார்கள், எனக்கென்னவோ கூழுக்கு அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். 1922க்கு முன் எடுத்தவற்றில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 மட்டும்தான், அதற்குள் உங்கள் சல்லிவன் அமெரிக்காவில் பேரன் எடுத்திருப்பார்.

அதனால்தான் அயர்லாந்து வம்சாவளி தேடுகிறவர்கள் நிலப் பதிவேடுகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கார்க்கில் ஜான் சல்லிவன் என்று தேடினால் வந்து விழுகிற பெயர்களைப் பார்த்து நீங்களே கணினியை மூடிவிடுவீர்கள். அவருடைய டவுன்லேண்ட் எது என்று முதலில் தெரிய வேண்டும். பெயரில்தான் டவுன் இருக்கிறதே தவிர இது நகரமில்லை, சில வயல்களும் நாலைந்து வீடுகளும் சேர்ந்த ஒரு துண்டு நிலம், அயர்லாந்து முழுக்க இப்படி 60,000க்கு மேல் உண்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் அட்லாண்டிக்குக்கு அமெரிக்கப் பக்கம்தான் அகப்படும்: பாஸ்டனில் நடந்த திருமணப் பதிவு, கல்லறைக் கல், இரங்கல் செய்தி. பாஸ்டனின் 'தி பைலட்' பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடுகிறவர்களின் விளம்பரங்களை வெளியிட்டது. கிளம்பிய பங்கு (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி), டவுன்லேண்ட் எல்லாம் அதில் போட்டிருப்பார்கள். அங்கே ஆரம்பியுங்கள்.

கேள்வி: டவுன்லேண்ட் தெரிந்துவிட்டது. கிரிஃபித் மதிப்பீட்டில் பார்த்தால் அதே இடத்தில் ஒரே பெயரில் மூன்று பேர். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பேட்ரிக் என்று இருக்கிறது. யாரை எடுத்துக்கொள்வது?

பதில்: அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த இந்த மதிப்பீடு 1847 முதல் 1864 வரை அச்சாகி வெளிவந்தது. யார் நிலத்தை அனுபவிக்கிறார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார், எவ்வளவு பரப்பு, வரிக்காக என்ன மதிப்பு என்று எழுதியிருப்பார்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் குழப்பம் வராமலிருக்க அப்பாவின் பெயரையோ, ஊரில் வழங்கிய பட்டப்பெயரையோ பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள், ஆக உங்களுக்கு ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைத்திருக்கலாம். ஒன்று, இதில் நிலமோ வீடோ யார் பெயரில் இருந்ததோ அவர் மட்டும்தான் வருவார், மனைவி மக்கள் வரமாட்டார்கள். கப்பலேறியவர் இருபது வயதுப் பையன் என்றால் அவருடைய அப்பாவைத் தேடுங்கள்.

அப்புறம், அச்சுப் பிரதியோடு நின்றுவிடாதீர்கள். அதற்குப் பின் நிலம் கைமாறக் கைமாற அலுவலகத்தில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதிக்கொண்டே வந்தார்கள், எந்த வருட மாற்றம் என்று தெரிய வெவ்வேறு நிற மையில். மூன்று பேரில் யார் நிலம் எந்த மகனுக்குப் போனது என்று அதில் தெரிந்துவிடும். வட அயர்லாந்தின் ஆறு கவுன்டிகளுக்கான ஏடுகளை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. உங்களுடையது கார்க், அதனால் டப்ளினில்தான் விசாரிக்க வேண்டும்.

கிரிஃபித்துக்கு ஒரு தலைமுறை முன்னால் போக, 1823க்குப் பிறகு எழுதிய தசமபாக ஏடுகள் உண்டு (தசமபாகம் என்றால் திருச்சபைக்கென்று நிலத்தின் மேல் போட்ட வரி). விவசாய நிலம் வைத்திருந்தவர் கத்தோலிக்கரானாலும் அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்டியாக வேண்டும் என்ற அநியாயத்துக்காக எடுத்த கணக்கு, இன்று சந்ததிக்குப் பயன்படுகிறது. நிலமில்லாத கூலிகளும் நகரத்துக்காரர்களும் அதில் இல்லை.

கேள்வி: கிரிஃபித் மதிப்பீட்டில் எங்கள் முன்னோர் பெயரில் 20 ஏக்கர் இருக்கிறது. அந்த நிலத்துக்கு இப்போது உரிமை கோர முடியுமா?

பதில்: முடியாது. பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற பெயரைப் பாருங்கள், அவர்தான் குத்தகைக்கு விட்டவர்.

கேள்வி: பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பக்கம் கிடைத்தது, லத்தீன் மாதிரி இருக்கிறது. குடும்பத்தில் ஜேம்ஸ் என்று ஒருவர் இருந்தார், அந்தப் பெயரே காணோம்.

பதில்: ஜாக்கோபுஸ் என்று ஒருவர் இருப்பாரே, அவர்தான் ஜேம்ஸ். குலியெல்முஸ் என்றால் வில்லியம். கார்க், கெர்ரி பக்கம் இன்னொரு வேடிக்கை, டார்பி, ஜெரமையா, டியர்மிட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். குடும்பப் பெயரை 'ஓ' சேர்த்தும் சேர்க்காமலும் (ஓ'சல்லிவன், சல்லிவன்) இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

அயர்லாந்து தேசிய நூலகம் சுமார் 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளை 2015இல் இலவசமாக இணையத்தில் போட்டது. நூலகத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேட முடியாது, மாதம் மாதமாகப் பக்கம் புரட்ட வேண்டும். நான் புரட்டத்தான் சொல்வேன். புரட்டும்போதுதான் ஞானப்பெற்றோர் பெயர்கள் கண்ணில் படும், அவர்கள் பெரும்பாலும் சித்தப்பாவோ மாமாவோ பக்கத்து நிலத்துக்காரரோதான், கிரிஃபித் பக்கத்தோடு ஒப்பிட்டால் உங்கள் மூன்று ஜான்களும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் நிலப் பதிவேட்டில் வரும் சிவில் பாரிஷ் என்ற நிர்வாகப் பிரிவின் எல்லையும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஊரிலேயே தங்கிவிட்ட தம்பிக்கு 1901 கணக்கெடுப்பில் 53 வயது, 1911இல் 70. வேறு ஆளா?

பதில்: அதே ஆளாகத்தான் இருக்கும். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது, 70 வயது ஆனவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. ஊரே திடீரென்று கிழடு தட்டிப்போனது. பிறப்புப் பதிவு எல்லோருக்குமாக 1864இல்தான் தொடங்கியதால், வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்பில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். எழுத்தர்கள் தேடிக் கண்டதை விண்ணப்பத் தாளிலேயே குறித்துவைத்தார்கள். அந்தத் தாள்கள் தீயில் போகவில்லை, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. தம்பி விண்ணப்பித்திருந்தால் 1851இல் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அதில் இருக்கலாம், அண்ணன் ஜான் உட்பட. பெற்றோர் பெயரையும் டவுன்லேண்டையும் வைத்துத் தேடுங்கள்.