ஊரைவிட்டுப் போனவர் ஊர்ச் செய்தியை எப்படிச் சொல்கிறார்?

ஈரானுக்குள் கால் வைக்க முடியாத ஈரானியப் பத்திரிகையாளர் மசி அலிநெஜாத், அந்த நாட்டைப் பற்றி டிவியில் எப்படிப் பேசினார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னிமலையில் எங்கள் அப்பாரு தறிக்குழியில் கால் தொங்கப் போட்டபடி சிற்றலையில் பிபிசியின் தமிழோசை கேட்பார். யாழ்ப்பாணத்துச் சேதி லண்டன் சுற்றி எங்கள் ஊருக்கு வரும்! இதுவும் கிட்டத்தட்ட அதே வழிதான்.

மசி ஈரானில் நாடாளுமன்ற நிருபராக இருந்தவர். 2005-ல் எம்.பி.க்களின் சம்பள விவகாரத்தை எழுதப்போய் நாடாளுமன்றத்துக்குள் வரவே தடை. 2009-ல் நாட்டைவிட்டுப் போனார். அப்புறம் அமெரிக்க அரசின் ஒலிபரப்பு நிறுவனமான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பாரசீகப் பிரிவில் நிகழ்ச்சி நடத்தினார். அவருடைய நிருபர்கள் யார் தெரியுமா? சாதாரண ஜனங்கள். அங்கே சட்டப்படி கட்டாயமான முக்காடு இல்லாமல் தெருவில் நடக்கும் பெண், அதட்டுகிற ஆள், ஆடுகிற செல்போன் கேமரா. அந்த வீடியோதான் சரக்கு.

ஆனால் அடி ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் விழுகிறது. 2019-ல் அவருடைய சகோதரரைக் கைது செய்தார்கள்.