காபித்தூளில் கழுவும் 16 எம்எம்: பரிசோதனைப் படம் எடுப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேமரா, கையால் டெவலப் செய்வது, ஃபிலிமில் நேரடியாகக் கீறுவது, திரையிடல் ஆகியவற்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். தயாரிப்பாளர் பிடிப்பதும் நடிகர் தேர்வும் என் துறை அல்ல.

மதுரை: அண்ணா, பழைய போலெக்ஸ் ஹெச்16 ரிஃப்ளெக்ஸ் (ஸ்பிரிங் முறுக்கி ஓட்டும் 16 எம்எம் ஃபிலிம் கேமரா) ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தைப் பாருங்கள். இன்று கிடைக்கும் சுருள்களில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் துளை. சக்கரத்தில் இரு பக்கமும் பல் இருந்தால் துளையில்லாத ஓரத்தைக் குதறிவிடும்.

அடுத்தது ஸ்பிரிங். முழுக்க முறுக்கி விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் விட்டால் ஏறக்குறைய 28 விநாடி ஓட வேண்டும். வேகம் சரியா என்று பார்க்க வீணான ஃபிலிமை மாட்டி 10 விநாடி ஓட்டி, ஓடிய நீளத்தை அளந்து பாருங்கள். ஓர் அடிக்கு 40 ஃபிரேம் என்பதால் சரியாக 6 அடி வர வேண்டும். ஐந்தரை அடிதான் வந்தது என்றால் கேமரா 22இல் ஓடுகிறது.

லைட் மீட்டரையும் கவனியுங்கள். ரிஃப்ளெக்ஸ் மாடல்களில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பட்டகம் வெளிச்சத்தில் ஒரு பங்கை வியூஃபைண்டருக்கு எடுத்துக்கொள்கிறது. 133 டிகிரி ஷட்டர் (சுழலும் தட்டில் திறந்திருக்கும் பகுதியின் கோணம்) உள்ள மாடலில் 24 ஃபிரேமுக்கு மீட்டரை 1/80 விநாடியில் வைத்துப் படியுங்கள். 50 எம்எம்முக்குக் குறைவான லென்ஸில் ஆர்எக்ஸ் (ரிஃப்ளெக்ஸ் மாடலுக்கென்று செய்தது) என்ற குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை) அகலமாகத் திறக்கும்போது படம் மங்கும்.

100 அடிச் சுருள் 2 நிமிடம் 46 விநாடிதான் ஓடும். முழுச் சுருளையும் நம்பி எடுத்துத் தள்ளாதீர்கள். முதலில் மூன்று அடி எடுத்து, இருட்டில் வெட்டி, கழுவிப் பாருங்கள். இதை இன்று இன்னும் பலமுறை சொல்வேன்.

திருநெல்வேலி: காபியில் டெவலப் செய்யலாம் என்கிறார்களே, உண்மையா? அளவு சொல்லுங்கள்.

உண்மைதான். ஆனால் வேலை செய்வது கஃபீன் அல்ல, காபியில் உள்ள காஃபிக் அமிலம். காரக் கரைசலில் அதுவும் வைட்டமின் சியும் சேர்ந்து, வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளியாக மாற்றுகின்றன.

ஒரு லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். கறுப்பு வெள்ளை நெகட்டிவை இதில் 20 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வேண்டும். வேகம் அதிகமான ஃபிலிம் என்றால் 1 கிராம் பொட்டாசியம் புரோமைடு சேருங்கள், மூட்டம் குறையும்.

நம் ஊரில் தவறு நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, சோடா. கடையில் சோடா என்று கேட்டால் ஆப்ப சோடாவைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் காரம் போதாது, ஃபிலிமில் படமே எழாது. கையில் அதுதான் இருக்கிறதென்றால் இரும்புச் சட்டியில் வறுத்தெடுங்கள். 100 கிராம் போட்டு 63 கிராமுக்கு இறங்கினால் வாஷிங் சோடாவாக மாறிவிட்டது என்று பொருள். அலுமினியப் பாத்திரம் கூடாது. வாஷிங் சோடாவிலும் இரண்டு வகை உண்டு. கண்ணாடிக் கற்கள் போல இருப்பதில் நீர் கலந்திருக்கும், அதில் 146 கிராம் போட வேண்டும். 54 கிராம் என்பது வெள்ளை மாவாக இருப்பதற்கு.

இரண்டு, வைட்டமின் சி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சப்பும் மாத்திரை வேண்டாம். அதில் சர்க்கரையும் நிறமும்தான் அதிகம். கெமிக்கல் கடையில் அஸ்கார்பிக் அமிலத் தூள் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்று, சூடு. சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஃபிலிமின் மேல் உள்ள ஜெலட்டின் பூச்சு இளகி, நகம் பட்டாலே உரியும். பாட்டில்களை ஐஸ் போட்ட பக்கெட்டில் நிறுத்திக் குளிர வையுங்கள். டெவலப்பர், அலசும் தண்ணீர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) மூன்றும் ஒரே சூட்டில் இருக்கட்டும். ஒன்று குளிர்ந்தும் ஒன்று சூடாகவும் இருந்தால் எமல்ஷன், அதாவது அந்தப் பூச்சு, வலைவலையாகச் சுருங்கிவிடும்.

கரைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் சோடா, அது தெளிந்த பிறகு வைட்டமின் சி, கடைசியில் காபி. நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு, உடனே பயன்படுத்துங்கள். மறுநாளைக்கு எடுத்துவைத்தால் ஆகாது. டெவலப் ஆனதும் வினிகர் ஊற்றாதீர்கள், வெறும் தண்ணீரில் அலசினால் போதும். பிறகு லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போ. பால்வெண்மை மறைய எத்தனை நிமிடம் ஆகிறதோ அதைப் போல இரு மடங்கு நேரம் அதில் கிடக்கட்டும்.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டுவையுங்கள், வெள்ளி அதன்மேல் படியும். மிச்சத்தை ஸ்டுடியோ லேப்பிலோ ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடமோ கொடுங்கள்.

சென்னை: எந்த பிராண்டு காபி சார்?

சிக்கரி கலக்காத மலிவான இன்ஸ்டன்ட் எதுவானாலும் சரி. ரொபஸ்டா நல்லது, விலையுயர்ந்த அராபிகா தேவையில்லை. ஃபில்டர் டிகாக்‌ஷன் வேண்டாம், அதன் அடர்த்தி ஒவ்வொரு முறையும் மாறும்.

டொராண்டோ: ஊருக்கு வந்து கடைத்தெருவை டிஜிட்டலில் எடுத்தேன், டியூப்லைட் எல்லாம் துடிக்கிறது. இங்கே எடுத்தபோது அப்படி இல்லையே?

கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50. இங்கே விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. 24 ஃபிரேமில் ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள், 1/50 வரும், துடிப்பு அடங்கிவிடும். அங்கே திரும்பியதும் 144 டிகிரி.

கோவை: கடைசியில் ஸ்கேன் செய்து டிஜிட்டலில்தானே காட்டுகிறீர்கள்? ஃபோனில் எடுத்து கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி) ஃபில்டர் போட்டால் போதாதா? இவ்வளவு பாடு எதற்கு?

கிரெய்ன் மட்டும் வேண்டுமென்றால் ஃபில்டரே போதும், ஃபிலிம் வாங்காதீர்கள். ஃபிலிமில் எடுப்பவர் கேமராவுக்குள்ளேயே முடிவெடுக்கிறார். போலெக்ஸில் ஸ்பிரிங் மோட்டாரின் இணைப்பை விடுவித்து, லென்ஸை மூடி, கைப்பிடியால் 200 ஃபிரேம் பின்னோக்கிச் சுற்றி, அதன்மேலேயே இன்னொன்றை எடுக்கலாம். இரண்டு படம் படியப்போகிறது என்றால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து எடுக்க வேண்டும், நான்கு என்றால் இரண்டு ஸ்டாப். ஃபிரேம் எண்ணை நோட்டில் குறித்தே ஆக வேண்டும். எடுத்தபின் பிரிக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடுதான் படத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறது.

பெங்களூரு: கோவைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்வது ஃபிலிம் வழிபாடு. பணம் இல்லாதவன் பரிசோதனைப் படம் எடுக்கக் கூடாதா?

தாராளமாக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். டிஜிட்டலுக்கு ஃபிலிம் வேஷம் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். டிஜிட்டலுக்கென்று சொந்த உடம்பு இருக்கிறது, அதைச் சோதியுங்கள். சுருக்கிய வீடியோவில் முழுப் படம் (எல்லா விவரமும் உள்ள ஒரு ஃபிரேம்) எப்போதாவது ஒருமுறைதான் வரும். இடையில் உள்ளவை முந்தைய படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது என்ற கணக்கு மட்டுமே. இரண்டு காட்சிகளைச் சேர்த்து, இரண்டாவதன் முதல் முழுப் படத்தை நீக்கிவிடுங்கள். முதல் காட்சியின் நிறங்கள் இரண்டாவதன் அசைவில் உருகி ஓடும். எம்பெக்-4, ஏவிஐ கோப்பு, பி-ஃபிரேம் (முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்துக் கணக்கிடுவது) பூஜ்யம், முழுப் படங்களுக்கு இடையே நீண்ட இடைவெளி என்று எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொண்டால் இதைச் செய்யலாம். செலவு எதுவும் இல்லை. இதிலும் முதலில் பத்து விநாடித் துண்டில் செய்துபாருங்கள், ஒரு மணி நேரக் கோப்பில் தொடங்காதீர்கள்.

கோவை: அப்படியென்றால் ஃபிலிம் உயர்ந்தது என்று சொல்லவில்லை?

இல்லை. கையில் இருக்கும் பொருளை அதன் குணத்தோடு பயன்படுத்துங்கள் என்கிறேன். இந்த விவாதத்தை இதோடு விடுவோம், கேள்விகள் காத்திருக்கின்றன.

யாழ்ப்பாணம்: ஃபிலிமின் ஓரத்தில் கீறினால் சத்தம் வருமாமே, எப்படி?

நல்ல கேள்வி. ஒரு பக்கத் துளை ஃபிலிமில் துளையில்லாத ஓரம்தான் ஒலிப்பாதை. ஒரு ஃபிரேமின் நீளம் 7.62 மி.மீ. அதற்குள் சம இடைவெளியில் 10 கோடு போட்டால், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது 240 ஹெர்ட்ஸ் ஒலி வரும். 20 கோடு போட்டால் அதே சுரம் மேல் ஸ்தாயியில். இடைவெளி பிசகினால் சுரம் கலைந்து இரைச்சலாகும், அதுவும் நல்ல இரைச்சல்தான்.

புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் படக்கதவை (ஃபிரேம் நின்று திரையில் விழும் இடத்தை) தாண்டி இருப்பதால், ஒரு படத்துக்கான ஒலியை அதற்கு 26 ஃபிரேம் முன்னால், அதாவது சுருளின் தொடக்கப் பக்கம் தள்ளிப் போட வேண்டும். கறுப்பு ஃபிலிமில் ஊசியால் கீறுங்கள், அல்லது தெளிந்த ஃபிலிமில் கரி கலந்த இந்தியன் இங்க்கால் வரையுங்கள். நிறமார்க்கர் கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தாலும் பழைய புரொஜெக்டரின் கண் அதை அகச்சிவப்பில் ஊடுருவிப் பார்த்துவிடும், ஒலி மெலிந்துபோகும். எமல்ஷன் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஈர உதட்டில் ஓரத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும் பக்கம்தான் அது. மூன்று அடி கீறி ஓட்டிக் கேட்டுவிட்டு மிச்சத்தைக் கீறுங்கள்.

சேலம்: காபித்தூள் எது நல்லது?

சென்னைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தஞ்சாவூர்: நெகட்டிவ் வேண்டாம், நேரடியாகப் பாசிட்டிவாகவே கழுவ வேண்டும். வீட்டில் முடியுமா?

முடியும், ஆனால் தொடங்கும்போது வேண்டாம். இடையில் பிளீச் செய்ய டைக்ரோமேட்டோ பெர்மாங்கனேட்டோ கந்தக அமிலத்தோடு வேண்டும். டைக்ரோமேட் புற்றுநோய் தரும் பொருள். பெர்மாங்கனேட் எமல்ஷனை இளக்கிவிடும், தஞ்சாவூர் வெயிலில் படம் தொட்டிக்குள்ளேயே உரிந்துவரும். நெகட்டிவாகக் கழுவி ஸ்கேனில் திருப்பிக்கொள்ளுங்கள். என்றைக்காவது அமிலம் கலக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

திருச்சி: எங்கே திரையிடலாம்?

2003இல் மும்பையில் தொடங்கி, பிறகு பெங்களூருவுக்கு வந்த எக்ஸ்பெரிமென்டா இந்த வகைப் படங்களுக்கென்றே உள்ள விழா, வெளிநாட்டில் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழா. 24 ஃபிரேமில் டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் கோப்பு) தயாராக வைத்திருங்கள். சென்சார் சான்றிதழ் பற்றி விழாக் குழுவிடம் கேளுங்கள்.

ஈரோடு: கலர் நெகட்டிவைக் காபியில் போடலாமா? அப்புறம், எந்தக் காபி…

போடலாம். நிறம் வராது, ஆரஞ்சு அடித்தளத்தின்மேல் கறுப்பு வெள்ளைப் படம் வரும். பின்புறம் கரிப்பூச்சு உள்ள சுருள் என்றால், முதலில் வாஷிங் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி முடித்ததும் நனைந்த பஞ்சால் பின்பக்கத்தை மட்டும் துடைத்தெடுங்கள். அந்தக் கரி முன்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்தால் போகாது. மூன்று அடி முதலில். காபி பற்றிய பதில் மேலே இருக்கிறது.