நாகர்கோவில் மாதிரி ஊரில் தெருப் புகைப்படமும் கல்ச்சர் ஜாமிங்கும் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். கேள்வி கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் வைத்திருக்கிறார்: விளம்பரப் பலகையில் ஏறி வாசகத்தை மாற்றினால்தான் கல்ச்சர் ஜாமிங் ஆகுமா, கேமரா மட்டும் போதாதா? எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது கேள்விதான்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: விளம்பரத்தின் மொழியையே எடுத்து விளம்பரத்துக்கு எதிராகப் பேசுவது கல்ச்சர் ஜாமிங். இந்தப் பெயரை 1984-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது நெகட்டிவ்லேண்ட் என்ற அமெரிக்க இசைக்குழு. வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1977 முதல் ஒரு குழு பெரிய பலகைகளின் வாசகங்களை மாற்றியது. 1979-ல் சிட்னியில் தொடங்கிய பூகா அப் இயக்கம் சிகரெட், மது விளம்பரங்கள் மேல் பெயின்ட் அடித்தது. அதில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் பலகையைத் தொடாமலே இதைச் செய்துகாட்டிய படம் ஒன்று 1937-லேயே இருக்கிறது. அந்த ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றில் பெருவெள்ளம். லூயிவில் நகரில் கறுப்பின மக்கள் கையில் வாளியும் கூடையுமாக நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். பின்னால் பிரம்மாண்டமான பலகை. காரில் சிரித்தபடி போகும் வெள்ளைக்காரக் குடும்பம், மேலே ‘உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்’ என்ற வாசகம். புகைப்படக் கலைஞர் மார்கரெட் போர்க்-ஒயிட் இரண்டையும் ஒரே படச்சட்டத்துக்குள் கொண்டுவந்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த விளம்பரத்தை யாராலும் அது நினைத்தபடி வாசிக்க முடியவில்லை.

நம் மாவட்டத்தில் இதற்குக் கண் முன்னால் கிடக்கிறது விஷயம். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவே போகும் சாலைகளைப் பாருங்கள். ‘இயற்கை எழில் கொஞ்சும் வீட்டுமனைகள்’ என்று ஒரு பலகை நிற்கும். அந்த எழிலை மண்ணடித்து மேடாக்கித்தான் மனை போட்டிருப்பார்கள். பலகையை மட்டும் எடுத்தால் அது விளம்பரத்தின் நகல். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, இந்தப் பக்கம் நடவு வயலும் அந்தப் பக்கம் மண் மேடும் சேர்ந்து வரும்படி எடுங்கள். வாசகம் தானாகவே தலைகீழாகும்.

இதைவிட எனக்கு நெருக்கமானது கடற்கரை. விழா முடிந்து கழற்றிய பிளக்ஸ் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். வள்ளத்தின் மேல் மூடியிருக்கும், சாயாக்கடைக்கு முன் வெயில் மறைக்கும், கருவாட்டுக்கு விரிப்பாகும். தலைவர் ஒருவரின் கூப்பிய கைகள் மேல் நெத்தோலி காய்ந்துகொண்டிருக்கும். தார்ப்பாய்க்குச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் அந்த மக்கள் இதைச் செய்கிறார்கள். ஆனாலும் நம் ஊரில் நடக்கும் மிக நேர்மையான கல்ச்சர் ஜாமிங் என்று இதைத்தான் சொல்வேன். கன்னியாகுமரியிலும் சூரிய உதயத்துக்கு எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் ஊர்ப்பக்கம் திரும்பி நில்லுங்கள். விடுதிப் பலகைகளும் சிப்பிக் கடைகளும் போன் தூக்கிய கைகளும் ஒன்றாகக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். கேள்வி விளம்பரத்தைப் பார்த்துத்தான் எழ வேண்டும். கீழே நிற்பவர் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது. கருவாடு பரப்பும் அக்கா முகம் தெரிகிறது என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். “எதுக்கு மக்கா படம் பிடிக்குத?” என்று கேட்பார். பிளக்ஸைக் காட்டி உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், சட்டம் தடுக்கவில்லை என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

ஏறி எழுதும் யோசனையை விட்டுவிடச் சொல்வேன். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அது பலகை வைப்பவரையும் கட்டுப்படுத்தும், எழுதப் போகும் உங்களையும் கட்டுப்படுத்தும். உயரத்தில் கட்டிய பிளக்ஸ் எவ்வளவு ஆபத்தானது என்பதும் தெரிந்ததுதான். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் உயிரிழந்தார். சாலையை மறிக்கும் பேனரைப் பார்த்தால் படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் அனுப்புங்கள். அதுவும் தெருப் புகைப்படத்தின் ஒரு பயன்தான்.

வெளிச்சம் பற்றி: உச்சி வெயிலில் பிளக்ஸ் கண்ணாடி மாதிரி பளபளக்கும், எழுத்தே தெரியாது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் மேகம் மூடிய காலைகளில் வடசேரி, கோட்டார் பக்கம் போய்ப் பாருங்கள், நிறம் அப்படியே நிற்கும். பெரிய கேமரா தேவையில்லை, போனின் சாதாரண லென்ஸ் போதும், ஜூம் பண்ணாதீர்கள்.

படத்தை வெளியிடும்போது இடம், மாதம், வருடம் மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். போர்க்-ஒயிட் படத்தில் இருப்பவர்கள் வெள்ளத்தில் வீடிழந்தவர்கள். அந்த விவரம் உதிர்ந்துபோனதால் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் என்றே பலர் இன்றும் நம்புகிறார்கள்.